ஒற்று மிகும் இடங்கள்

சோதனைச்சாவடிக்குக் கிழக்கே கரப்பான்.
மேற்கே கரப்பன்.
துணைக்காலைப் பறித்துக்கொண்டுதான்
மீனாட்சிபுரத்துக்குள் விடுகிறார்கள் போல.
தர்ஷித்தின் முழங்கால் மடிப்பில்
இரண்டு மொழிக்கும் ஒரே சிவப்பு.

அவனுக்கு இரண்டரை வயது.
அவன் மொழியில் அது "அய்க்குது".

கோபாலபுரம் மருந்துக்கடையில்
சீட்டுக் கேட்காமல் கொடுத்த ட்யூப்
நாலே நாளில் தோலைப் பளிங்காக்கியது.
நிறுத்தினேன். திரும்பி வந்தது,
சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு.
மறுபடி தடவினேன். மறுபடி நிறுத்தினேன்.
ஆறாம் மாதம் அவன் கன்னம்
வெங்காயச் சருகாகி
உள்ளே ஓடும் நரம்பைக் காட்டியது.

"மருந்தைத் திட்டாதே,
அளவு தெரியாமல் போட்ட கையைத் திட்டு"
என்றார் கொழிஞ்சாம்பாறை டாக்டர் லீனா.
என் கையைப் பார்த்துவிட்டு
"அதையும் திட்டாதே" என்றார்.
கொஞ்ச நாள் அது இல்லாமல் பார்ப்போம்,
மஞ்சளாய் நீர் கோத்தால், உடம்பு சுட்டால்
அன்றைக்கே வந்துவிடு.

மார்கழியில் இங்கே
கிழக்குக் காற்று கணவாய்க்குள் நுழைகிறது.
உதட்டில், துணியில், பிள்ளையின் தோலில்
இருக்கும் ஈரத்தையெல்லாம் மூட்டை கட்டி
மேற்கே கடத்துகிறது.
அதை மட்டும் எந்தச் சாவடியும் நிறுத்துவதில்லை.

ஆகவே
வெதுவெதுப்பாய் ஆறு குவளைத் தண்ணீர்.
சோப்பு இல்லை.
தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.
எட்டாம் வகுப்பில்
ஒற்று மிகும் இடங்கள் கேட்டபோது
பெஞ்சு மேல் நின்றவள் நான்.
இப்போது தூக்கத்திலும் சொல்வேன்:
முழங்கை மடிப்பு, காதுமடலின் பின்புறம்,
கழுத்துச் சுருக்கம், கணுக்கால்.
ஈரம் காய்வதற்குள் வாசலின்.
இரவில் பழைய வேட்டியைக் கிழித்து
நனைத்துச் சுற்றிய கால்கள்.
கைக்குக் காலுறை.
அதைப் பல்லால் கழற்றக் கற்றுவிட்டான்.

கத்தரிக்காய் என்றாள் பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஜமீலா.
கருவாடு என்றது கம்பெனி.
முட்டை என்று நானே சொன்னேன்.
நாள்காட்டியில் பென்சிலால்
அவன் சொறிந்த இரவுகளுக்குக் கோடு போட்டேன்.
திங்கள் செவ்வாய் புதன் வியாழன்
கோடு கோடு கோடு கோடு.
ஞாயிறு வெறுமை.
அடுத்த ஞாயிறும்.

ஞாயிற்றுக்கிழமை
கத்தரிக்காய்தான் குழம்பு.
ஞாயிற்றுக்கிழமை
தென்னைநார்க் கம்பெனிக்கு விடுமுறை.

என் கொசுவத்தில், என் கொண்டையில்,
ஓடி வந்து அவன் முகம் புதைக்கும் தோளில்
பழுப்புத் தூசி.
நாளொன்றுக்கு நானூறு ரூபாய்
அதோடு சேர்ந்துதான் வருகிறது.

வேலையை விடவில்லை. விட முடியாது.
ஐந்தரைக்குக் கொல்லைப்புறமாக வந்து
அவன் பார்க்கும் முன் குளியலறைக்குள் ஓடுகிறேன்.
புடவை தனி வாளியில்.
தலை முங்கப் பத்து நிமிடம்.
எப்படியோ தெரிந்துவிடுகிறது அவனுக்கு.
தகரக் கதவுக்கு அந்தப் பக்கம்
அம்மா, அம்மா, அம்மா,
பிறகு நகத்தால் பிறாண்டும் சத்தம்.
கதவையா, கழுத்தையா
தண்ணீர்ச் சத்தத்தில் புரிவதில்லை.

கோடுகள் குறைந்தன. தீர்ந்துவிடவில்லை.
போன வாரம் ஏழு இரவு வெள்ளை,
எட்டாம் நாள் கணுக்காலில் ஒரு பொட்டு.
பீரோ மேல் ட்யூப் இருக்கிறது.
எடுத்துக் காலாவதித் தேதி பார்த்தேன்,
இன்னும் எட்டு மாதம்.
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நேற்றுக் கதவில் சத்தமே இல்லை.
பயந்து, பாதிச் சோப்போடு திறந்தேன்.

வாசலின் டப்பா காலி.
தகரத்தில் பெயின்ட் உரிந்து
சிவப்பாய்த் துரு தெரியும் இடமெல்லாம்
வெள்ளையாய் அப்பி வைத்திருந்தான்.

"கதவுக்கு அய்க்குதும்மா"

தேய்க்கவில்லை.
உள்ளங்கையால் மெல்ல
ஒற்றிக்கொண்டிருந்தான்.